போகாமை இயல்: பயணக் காப்பீட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

ஊர் போய்வந்தவர்கள் எழுதிய நூல்கள் தமிழில் மலைபோல் கிடக்கின்றன. போகாமல் இருந்தவர்களைப் பற்றி முறையான ஆய்வு நடக்கவில்லை என்பது பெருங்குறை. இத்துறைக்கு முன்னோடி தொல்காப்பியர். பொருள் தேடக் கிளம்பிய தலைவன், தலைவி முகம் வாடுவதைக் கண்டு பயணத்தை நிறுத்திவைப்பது செலவழுங்கல். அது போகாமை ஆகாது, அவளைத் தேற்றுவதற்கான தாமதந்தான் என்று கற்பியலில் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். இன்றைய காப்பீட்டு நிறுவனங்கள் அவருடைய மாணாக்கர்கள் என்றே கொள்ள வேண்டும். பல பாலிசிகளில் தேதியைத் தள்ளிப்போட்டால் அது கேன்சல் ஆகாது. தலைவியின் கண்ணீருக்கு எந்த பாலிசியிலும் இழப்பீடு கிடையாது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மூலநூல், ஐரோப்பா டூர் போகிறவர்கள் வாங்கும் பாலிசி ஆவணம். இந்நூலை வாங்குவோர் பலர், வாசித்தோர் அரியர். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும் என்பது சட்டம். அதற்காக இருப்பதிலேயே மலிவான ஒன்றை வாங்கிப் பைலில் செருகிவிட்டு, பயணம் ரத்தானாலும் பணம் வரும் என்று நம்புகிறவர்கள் உண்டு. தூதரகத்துக்குக் கவலை நீங்கள் அங்கே வந்து நோயில் விழுவது பற்றித்தான். நீங்கள் வராமல் போவதில் அதற்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆகவே, ரத்துக்கான பாதுகாப்பு அந்த மலிவுப் பதிப்பில் இல்லாமலே இருக்கலாம்.

இருக்கும் பதிப்பில், போகாமைக்கு ஏற்கத்தக்க காரணங்களை நூலாசிரியர் சுருக்கமாகச் சொல்கிறார்: சாவு, கடும் நோய், ஆஸ்பத்திரியில் சேர்தல், சிலவற்றில் இயற்கைச் சீற்றம். புறனடைப் பகுதியோ விரிவானது. லீவு கிடைக்கவில்லை, கையில் காசில்லை, வாங்கும் முன்பே இருந்த நோய் முற்றியது ஆகிய எதுவும் செல்லாது. எல்லாவற்றுக்கும் சிகரமாக, பிரிட்டிஷ் பாலிசிகள் பலவற்றில் 'பயணம் போக விருப்பமில்லாமை' என்றே ஒரு விலக்கு அச்சாகியிருக்கும். மனித மனத்தை இவ்வளவு நேராக அறிந்த வாக்கியம் சட்ட இலக்கியத்தில் அரிது என்பது என் துணிபு.

இனி உறவியல். இங்கேதான் ஆய்வு சூடுபிடிக்கிறது. நெருங்கிய குடும்பத்தினர் நோயுற்றாலோ இறந்தாலோ பணம் உண்டு. நெருங்கியவர் யார்? கணவன், மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தோர், பெரும்பாலும் மாமனார் மாமியார். பட்டியல் அநேகமாக இங்கே முடிந்துவிடும். வளர்த்து ஆளாக்கிய பெரியம்மாவுக்கு இடமில்லை. தாய்மாமனுக்கு, காது குத்தும்போது மடியில் உட்காரவைத்த உரிமை ஒன்றே மிச்சம். பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு கழியும்வரை வீட்டுப் பெரியவர்கள் யாரையும் பெட்டி கட்ட விடமாட்டார்கள். ஆனால் 'பங்காளி' என்றொரு உயிரினம் இருப்பதே நூலாசிரியருக்குத் தெரியாது. ஆண்டுக்கணக்கில் பேச்சுவார்த்தை இல்லாத சொந்த அண்ணன் படுத்துக்கொண்டால் மட்டும் கிளெய்ம் போடலாம். பட்டியல் எழுதியவர் எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் உட்கார்ந்திராதவர் என்பது தெளிவு.

சூலம் பற்றியும் நூல் மௌனம் சாதிக்கிறது. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்; பஞ்சாங்கம் சொல்லும் பரிகாரம் கொஞ்சம் வெல்லம். செலவு குறைவு, உடனடித் தீர்வு, படிவம் கிடையாது. ஒப்பியல் நோக்கில் பஞ்சாங்கமே மேலான பாலிசி என வாதிடலாம், வெல்லத்தைத் தின்றவருக்கு டிக்கெட் பணம் திரும்பாது என்ற ஒரு குறையைத் தவிர.

காலம் பற்றிய விதி ஒன்றே ஒன்றுதான்: செய்திக்கு முன் வாங்கியிருக்க வேண்டும். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எயாஃபியாட்லயோகுட்ல் எரிமலை சாம்பலைக் கக்க, ஐரோப்பிய வான்வெளியின் பெரும்பகுதி பல நாள் மூடிக் கிடந்தது. சாம்பல் என்பது மோசமான வானிலையா, இல்லையா என்று நிறுவனங்கள் தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. சில கொடுத்தன, சில கைவிரித்தன. ஆனால் டிவியில் புகையைப் பார்த்துவிட்டு பாலிசி வாங்க ஓடியவர்கள் விஷயத்தில் கருத்து வேறுபாடு எழவில்லை. தெரிந்த நிகழ்வுக்குக் காப்பீடு கிடையாது. டிக்கெட் போட்ட அன்றே வாங்கினால்தான் இடைப்பட்ட வாரங்களில் வரும் காய்ச்சலுக்கும் காலுடைவுக்கும் பயன். கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்குகிறவர், ரத்துப் பாதுகாப்பை ஒரே ஒரு இரவுக்கு வாங்குகிறார்.

சான்றாதாரம் பற்றி ஒன்று. குடும்ப டாக்டர் ஒருவர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்க்க நேர்ந்தது. 'வைரல் ஃபீவர், ஐந்து நாள் ரெஸ்ட்' என்று கோழிக் கிறுக்கலில் இருந்தது. ஐந்து நாள் ரெஸ்ட்டை இன்டர்லாக்கன் ஓட்டலிலும் எடுக்கலாமே என்று நிறுவனம் கேட்டால் பதில் இல்லை. 'பயணம் செய்யத் தகுதியில்லை' என்ற சொற்கள் வேண்டும். அதுவும் டிக்கெட்டைக் கேன்சல் செய்வதற்கு முந்தைய தேதியில். சரியாகிவிடும் என்று நாலு நாள் காத்திருந்து கேன்சல் செய்தால், அந்த நாலு நாளில் ஏறிய ரத்துக் கட்டணம் நம் தலையில்.

கணக்குப் பகுதி சின்னது. ஏர்லைன்ஸும் ஓட்டலும் திருப்பியது போக மிச்சத்தைத்தான் கேட்க முடியும். திரும்பாத டிக்கெட் என்றாலும், நம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் பயணிக்குத் திரும்ப வேண்டும். அதையும் நிறுவனம் கழித்துக்கொள்ளும். இழப்பில் நாமே ஏற்க வேண்டும் என்று பாலிசியில் குறித்த முதல் தொகையையும் கழிக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும், வெறுமனே போகப் பிடிக்காதவனுக்கு வழியே இல்லையா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அமெரிக்காவில் உண்டு. 'எந்தக் காரணத்துக்காகவும் ரத்து' என்று தனிப் பாலிசிச் சேர்க்கை விற்கிறார்கள். கூடுதல் பிரீமியம், முதல் பணம் கட்டிய இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்க வேண்டும், கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்துசெய்ய வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. திரும்புவது பெரும்பாலும் 50 முதல் 75 சதவீதம். மனம் மாறியவனுக்கு அங்கேயும் முழுப் பணம் கிடையாது.