வாழைப்பழ ஜாம் மதம்: புகழ்பெற்ற முதல் நாவலை வாசித்தோர் நிலை குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஊரே கொண்டாடும் முதல் நாவலைப் படித்து முடித்தவரிடம் "எப்படி?" என்று கேட்டால் உடனே பதில் வராது. நூலை மூடுவார், பின்னட்டையை இன்னொரு முறை பார்ப்பார், "நல்லாத்தான்... இருக்கு" என்று இழுப்பார். அந்த இழுவையே ஈண்டு ஆராயப்படுகிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதால் மாதிரி ஒன்றே கொள்ளப்பட்டது: அருந்ததி ராயின் 'சின்ன விஷயங்களின் கடவுள்' (1997, தமிழில் ஜி. குப்புசாமி).

2. பாயிரவியல்

சிறப்புப்பாயிரம் செய்யத் தக்கோர் நால்வர் என்கிறது பவணந்தி முனிவரின் இலக்கண நூலான நன்னூல்: ஆசிரியரின் ஆசான், உடன் கற்றவர், மாணாக்கர், உரைகாரர். இந்நாவலுக்கு வாய்த்தோர் இப்பட்டியலுக்குள் அடங்கார். இலக்கிய முகவர் டேவிட் காட்வின் பிரதியைப் படித்துவிட்டு லண்டனிலிருந்து தில்லிக்கே விமானம் ஏறி வந்தார். 'நியூயார்க்கர்' இதழில் ஜான் அப்டைக் இவ்வறிமுகத்தை கோல்ஃப் வீரர் டைகர் வுட்ஸின் அறிமுகத்தோடு ஒப்பிட்டார். அக்டோபரில் புக்கர் பரிசும் வந்தது. இத்தனை பாயிரத்தையும் கேட்டபின் முதல் பக்கத்தைப் புரட்டுபவர் வாசகர் அல்லர், தணிக்கையாளர்.

தற்புகழ்ச்சி புலவர்க்குத் தகாது என்னும் நன்னூலார், நான்கு விலக்குகளும் தருகிறார். அவற்றுள் ஒன்று, தன் ஆற்றலை அறியாதார் நடுவில் புகழ்ந்துகொள்ளலாம் என்பது. முதல் நாவல் எழுதுவோர் ஒருவர் விடாமல் இதன்கீழ் வருவர். பவணந்தி முனிவர் புத்தகக் கண்காட்சியை முன்னுணர்ந்திருந்தார் என்பது இதனால் பெறப்படும்.

3. குற்றமும் அழகும்

நன்னூல் சொல்லும் நூற்குற்றம் பத்து, நூலழகு பத்து. இந்நாவலை இரு பட்டியலோடும் ஒத்துப் பார்த்தோம். சிறுவன் எஸ்தாவுக்கு எல்விஸ் பாணியில் தூக்கி வாரிய முடி, கூர்முனைக் காலணி. இரட்டைப் பிறவி ராஹேலின் குடுமியில் இரு மணி கோத்த 'லவ்-இன்-டோக்கியோ' ரப்பர் பட்டை. முதல் தடவை வரும்போது பிள்ளைகள் கண்ணெதிரே நிற்கிறார்கள். அடுத்தடுத்து வரும்போது பல்லவிபோல் காதில் இனிக்கிறது. இன்னும் வந்தால், "அந்த முடியைத்தான் பார்த்தாச்சே" என்று மனம் முணுமுணுக்கிறது. அழகுப் பட்டியலில் இதற்குப் பெயர் ஓசையுடைமை. குற்றப் பட்டியலில் கூறியது கூறல்.

இப்பிள்ளைகளின் மாமன் மகள் ஸோஃபி மோளின் சாவைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, கதை 1969-க்கும் 1993-க்கும் நடுவே போய்ப் போய் வருகிறது. காலையில் படித்தால் முறையின் வைப்பு. இரவு தூக்கக் கலக்கத்தில் படித்தால் மயங்க வைத்தல்.

"பாதி நன்று, பாதி நன்றன்று, அதனால் இழுவை" என்பார் கூற்று இதனால் மறுக்கப்படும். பிடித்ததும் பிடிக்காததும் ஒரே இடத்தில் இருப்பதே இழுவைக்குக் காரணம்.

4. எட்டாம் மதம்

இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணிக என்பது நன்னூலின் எழுவகை மதங்களுள், அதாவது நூலாசிரியர் கொள்கைகளுள், ஒன்று. ஒரு பக்கம் அப்டைக். மறுபக்கம் முந்தைய ஆண்டு புக்கர் நடுவர் குழுத் தலைவர் கார்மென் கலில். இந்நூல் இறுதிப் பட்டியலுக்கே தகாதது என்று தொலைக்காட்சியில் சாடியவர். நம் வாசகரோ, யாராவது புகழ்ந்தால் கலில் ஆகிறார்; யாராவது திட்டினால் அப்டைக்காகிச் சண்டைக்கு வருகிறார். ஏழில் எதற்குள்ளும் இவரை அடக்க முடியாததால் எட்டாவது தேவையாகிறது.

அதற்குப் பெயரை நாவலே தருகிறது. அய்மனத்தில் பிள்ளைகளின் பாட்டி மம்மாச்சியின் ஊறுகாய்த் தொழிற்சாலையில் செய்யும் வாழைப்பழ ஜாமுக்கு அரசுத் தடை விழுகிறது. ஜெல்லி என்று கொள்ள இறுக்கம் போதாது. ஜாம் என்று கொள்ள இறுக்கம் அதிகம். எந்த வகையிலும் சேராததே குற்றம். சுவை பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. தடைக்குப் பின்னும் ஜாம் தயாராகிக்கொண்டுதான் இருந்தது.

5. முடிவு

வாழைப்பழ ஜாம் மதத்தாரை ஊசலாடிகள் என்று இகழ்தல் கூடாது. நூலை வரி வரியாகப் படித்தவர்கள் அவர்களே. ராயின் இரண்டாம் நாவல் 20 ஆண்டு கழித்து 2017-இல் வந்தது. புகழ்ந்தவர் அதற்குள் வேறொருவரைப் புகழப் போயிருப்பார், இகழ்ந்தவர் தொட்டிருக்கமாட்டார். இழுத்தவர்தான் காசு கொடுத்து வாங்கியிருப்பார், பின்னட்டையை முழுக்கப் படித்துவிட்டு.