கொள்ளுக்கு மசியாத கால்

ஏட்டி, ஆற்றுக்கால் பொங்காலைக்கு மூணு செங்கல் வச்சு அடுப்பு மூட்டயில முண்டைக் கொஞ்சம் தூக்கிச் சொருகினியே, அப்பதான் பார்த்தேன். ரெண்டு காலும் ஒண்ணுபோலப் பெருத்து, கணுக்காலில வரப்பு கட்டினமாதிரி நின்னுபோச்சு. பாதம் மட்டும் நீ மெட்டி போட்ட அன்னைக்குப் பார்த்த அதே சின்னப் பாதம்.

நீ சாலைக் கடைவீதியில நடந்தா பார்க்கிறவளெல்லாம் வைத்தியச்சி. ஒருத்தி மந்துன்னு, அதான் யானைக்கால்னு சொல்லுவா. மந்துன்னா பாதமும் சேர்ந்துல்லா வீங்கும், பெரும்பாலும் ஒரு கால்தான் முந்தும்; கொசு கொண்டுவந்த புழுவோட வேலை அது. இன்னொருத்தி கையில பழம்பொரியை வச்சுக்கிட்டே "வாயைக் கட்டு பிள்ளே"ம்பா. உங்க அம்மை கொள்ளுரசம் வைப்பா. கொழுத்தவனுக்குக் கொள்ளுங்கிறது சரிதான், ஆனா இந்தக் காலுக்குப் பழமொழி தெரியாதே! பட்டினி கிடந்தா கன்னம் ஒட்டும், இடுப்பு ஒட்டும், கால் அசையாது.

1940-லேயே அமெரிக்காவில மேயோ கிளினிக்கில ஆலன், ஹைன்ஸ்னு ரெண்டு டாக்டர்மார் இதுக்கு லிபிடீமான்னு பேர் வச்சாச்சு. பெரும்பாலும் பொம்பளைகளுக்குத்தான், வயசுக்கு வரயில, பிள்ளை உண்டாகயில, தீட்டு நிக்கயில தலைகாட்டும். நம்ம ஊர்ல இன்னும் அதுக்குப் பேரு தீனி.

எனக்கும் இதே கால்தான், சேலை மறைச்சுப்போட்டுது. புத்திசாலியில்லியா நான், நெருஞ்சிமுள் கசாயம் குடிச்சேன். ராத்திரி பூரா கொல்லைக்கு நடந்ததுதான் மிச்சம். காலில கெடக்கிறது தண்ணியில்ல, கொழுப்பு. அப்புறம் ஒரு உழிச்சல்காரி முன்னால படுத்தேன். பொடியைப் போட்டு வாசப்படி தேய்க்கிறமாதிரி தேய்ச்சா. மறுநாள் கால் பூரா ஞாவப்பழம். தொட்டாலே கன்னிப்போற காலை அப்படிக் கொடுத்துட்டு வந்தேன், காசும் கொடுத்து!

நீ என்ன செய்யுதே, நல்லெண்ணெயை இளஞ்சூட்டோட உள்ளங்கையில எடுத்து, கணுக்காலில இருந்து மேல்நோக்கித் தடவு. தூங்குற பிள்ளையைத் தடவுறமாதிரி இருக்கணும். வலிச்சா அது தடவலில்ல. பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சின வெள்ளம் குடி, தாகம் தீரும். கொழுப்பு கரையும்னு எவனாவது பொடி விற்றா, அவன் கால் எப்படி இருக்குன்னு பாரு. தண்ணியில நடந்தா நல்லது, தண்ணியே நாலுபக்கமும் காலை அமுக்கிக்கொடுக்கும். சங்குமுகத்துக்குப் போயிராதே, அந்தக் கடல் காலோட உன்னையும் கொண்டுபோயிரும். நீச்சல்குளம் போதும்.

கசாயம் கேட்காத கதையை அழுத்தச் சாக்ஸ் கொஞ்சம் கேட்கும். கால் சின்னதாகாது, கனமும் வலியும் குறையும். கடையில கண்ணளவுக்கு வாங்காதே. டாக்டர் காலைப் பார்த்து, ரத்த ஓட்டத்தைப் பார்த்து, அளவெடுத்துத் தரணும். காசர்கோட்டில யானைக்காலுக்கு ஆயுர்வேதம், யோகா எல்லாம் செய்யிற இன்ஸ்டிட்யூட் ஆஃப் அப்ளைடு டெர்மடாலஜியிலயே, மருந்தோட காலைச் சுத்திக் கட்டவும் செய்யிறாங்க.

திங்கக்கிழமை டாக்டரிட்ட போறோம். முண்டைத் தூக்கிக் காட்ட வெட்கப்படாதே மக்களே. முதல்ல என் காலைக் காட்டுதேன்.