கூப்பனும் கட்டணமும்: எட்ஸி நிர்வாகத்தின் மேலான கவனத்துக்கு

பெறுநர்:
உயர்திரு நிர்வாகத்தார்,
எட்ஸி இணையச் சந்தை,
புரூக்லின், நியூயார்க்.

பொருள்: கைவினைக் கடைகள் – தள்ளுபடி, விளம்பரம் – இரண்டும் ஒரே மடியிலிருந்து எடுக்கப்படுவது – தொடர்பாக.

தள்ளுபடி என்பது விற்பவர் வாங்குபவருக்கு விட்டுக்கொடுக்கும் பணம். விளம்பரம் என்பது வாங்குபவரின் கண்ணில் படுவதற்காக விற்பவர் இடத்துக்காரருக்குக் கட்டும் பணம். இரண்டுக்கும் நோக்கம் ஒன்று, பொருள் போக வேண்டும். பணம் போய்ச் சேரும் வீடு மட்டும் வேறு.

எட்ஸி 2005-ல் புரூக்லினில் தொடங்கியது. கையால் செய்தவை, பழம்பொருள்கள், கைவேலைக்கு வேண்டிய சாமான்கள் ஆகியவற்றுக்கான சந்தை. ஒரு பொருளைப் பட்டியலில் ஏற்ற 20 சென்ட். அது 4 மாதம் செல்லும். விற்றால் தரகு: 2018 ஜூலை வரை 3.5 சதவீதம், பிறகு 5, 2022 ஏப்ரல் 11 முதல் 6.5. 2018-ல் தரகு ஏறியபோது அஞ்சல் செலவும் தரகுக் கணக்குக்குள் வந்தது. பெட்டிக்கு டேப் ஒட்டி முகவரி எழுதுவதிலும் ஒரு கலை இருப்பதை நிர்வாகம் கண்டுகொண்டது பாராட்டுக்குரியது.

தள்ளுபடிக்கென நிர்வாகம் தந்திருக்கும் கருவிகளில் கஞ்சத்தனம் இல்லை. கடை முழுவதற்கும் இத்தனை சதவீதம் என்று நாள் குறித்துப் போடலாம். கூப்பன் குறியீடு உண்டாக்கித் தெரிந்தவர்களுக்கு அனுப்பலாம். ஒரு பொருளுக்கு இதயக் குறி போட்டுவிட்டுப் போனவருக்கும், கூடையில் எடுத்து வைத்துவிட்டு வாங்காமல் போனவருக்கும் தானாகவே சலுகை மடல் போகும்படி செய்யலாம். புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு நடையைக் கட்டியவரின் பின்னாலேயே ஓடி, “அக்கா, இன்னும் பத்து குறைச்சுக்கிறேன்” என்று கூப்பிடுகிற வேலைதான் இது. ஓடுவது கணினி, பத்து குறைவது கடைக்காரருக்கு.

இலவச டெலிவரியும் தள்ளுபடியின் வேறொரு பெயர். அமெரிக்காவுக்குள் 35 டாலரும் அதற்கு மேலும் வாங்குவோரிடம் அஞ்சல் செலவு கேட்காத கடைகளுக்குத் தேடலில் முன்னுரிமை என்று 2019 ஜூலையில் விதி வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் அஞ்சல் துறை அதை இலவசமாகத் தூக்கவில்லை. ஆகவே அஞ்சல் செலவை விலையில் ஏற்ற வேண்டியதாயிற்று. ஏறிய விலையைப் பார்த்து வாங்க வந்தவர் தயங்கினால், தயங்கியவருக்கு அனுப்பத்தான் கூப்பன் இருக்கிறதே.

ஆடித் தள்ளுபடிக்கு ஒரு நியாயம் உண்டு. கல்யாணம் இல்லாத மாதம், கிடங்கில் தேங்கிய துணி, அதில் முடங்கிய முதல். விலையைக் குறைத்தால் தேக்கமும் முடக்கமும் நகரும். ஒரு புடவையில் விட்டதை ஆயிரம் புடவையில் பிடித்துவிடலாம். குரோஷா ஊசியால் கம்பளித் தொப்பி பின்னுகிறவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவரிடம் கிடங்கே இல்லை; பல சமயம் ஆர்டர் வந்த பிறகுதான் நூல்கண்டே பிரிக்கப்படுகிறது. விற்பனை இரட்டித்தால் வேலை நேரமும் இரட்டிக்கும். முதல் தொப்பிக்கு மூன்று மணி நேரம் என்றால் ஐம்பதாவது தொப்பிக்கும் மூன்று மணி நேரம்தான், கொஞ்சம் கழுத்து வலியும் சேர்த்து. கைவினையில் தள்ளுபடி விழுவது சரக்கின் மேல் அல்ல, கூலியின் மேல். (பின்னல் வரைபடம், அழைப்பிதழ் வடிவம் என்று பதிவிறக்கும் கோப்புகளை விற்பவர்கள் இதற்கு விலக்கு. ஒருமுறை வரைந்ததை எத்தனை முறையும் விற்கலாம் என்பதால் அங்கே பாதி விலையும் கட்டுபடியாகும்.)

கட்டுபடியாகாத இடத்தில் பிறப்பதுதான் பொய்த் தள்ளுபடி. 40 டாலர் தொப்பிக்கு 60 என்று எழுதி, அதன் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் 40 என்று போடுவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மே 28 முதல் இதற்குக் கடிவாளம் இருக்கிறது: விலைக் குறைப்பு என்று அறிவித்தால், அதற்கு முந்தைய 30 நாளில் இருந்த மிகக் குறைந்த விலையைக் காட்டித்தான் ஒப்பிட வேண்டும். இந்த 30 என்ற எண் பின்னால் இன்னொரு இடத்தில் வரும்.

விளம்பரம் இரண்டு வகை. ஒன்று, சந்தைக்குள்ளேயே தேடல் முடிவுகளுக்கு நடுவில் தலைகாட்டுவது. நாளுக்கு இவ்வளவு என்று கடைக்காரர் வரம்பு வைக்கலாம். ஒரு சொடுக்குக்கு என்ன விலை என்பதை ஏலம் போட்டு முடிவு செய்வது நிர்வாகத்தின் கணினி. சொடுக்கியவர் வாங்காமல் போனாலும் காசு போகும். மற்றது 2020-ல் வந்த வெளி விளம்பரம். கூகுள், ஃபேஸ்புக், பின்டரஸ்ட் போன்ற இடங்களில் நிர்வாகமே முன்பணம் போட்டு விளம்பரம் செய்யும். அதைச் சொடுக்கி வந்தவர் வாங்கினால்தான் கட்டணம். விற்காவிட்டால் கேட்பதில்லை என்பது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. அதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

மீதியையும் சொல்ல வேண்டும். ஆண்டு விற்பனை 10,000 டாலருக்குக் கீழே இருக்கும் கடைக்குக் கட்டணம் 15 சதவீதம்; வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம். 10,000-ஐத் தொட்டுவிட்டால் 12 சதவீதம்; விலக முடியாது. அடுத்த ஆண்டு வியாபாரம் படுத்துவிட்டாலும், கடை இருக்கும் வரைக்கும் முடியாது. ஒரு ஆர்டருக்கு 100 டாலருக்கு மேல் எடுப்பதில்லை என்ற கருணையும் விதியில் இருக்கிறது. 40 டாலர் தொப்பி விற்பவர்கள் அந்தக் கருணையை இதுவரை நேரில் அனுபவித்ததில்லை.

தள்ளுபடியும் விளம்பரமும் முட்டிக்கொள்ளும் இடம் 30 நாள் விதி. வெளி விளம்பரத்தைச் சொடுக்கியவர் 30 நாளுக்குள் அந்தக் கடையில் எதை வாங்கினாலும் அது விளம்பரத்தால் நடந்த விற்பனை. மார்ச் 1-ல் ஒருவர் கூகுளில் மஞ்சள் தொப்பியின் படத்தைச் சொடுக்குகிறார். இதயக் குறி போட்டுவிட்டுப் போய்விடுகிறார். 20-ம் தேதி அவருக்குக் கடையிலிருந்து 20 சதவீதக் கூப்பன் போகிறது. 22-ம் தேதி திரும்பி வந்து, மஞ்சளை விட்டுவிட்டு நீலத் தொப்பியைக் கூப்பன் போட்டு வாங்குகிறார். விற்றுக் கொடுத்தது எது? விளம்பரத் தொழிலில் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள் பலர். நிர்வாகம் ஒரே வரியில் தீர்த்துவிட்டது: விளம்பரம்தான். ஒரு ஜாதகத்தைக் காட்டிவிட்டுப் போன தரகர், வேறு இடத்தில் பெண் அமைந்த பிறகு பந்தி முடிவதற்குள் கமிஷனுக்கு வந்து நிற்பதற்கு இதைவிடத் தெளிவான முன்மாதிரி கிடையாது. ஐரோப்பியச் சட்டத்தின் 30 நாள் வாங்குபவரின் பைக்குக் காவல். சந்தை விதியின் 30 நாள் எந்தப் பைக்குக் காவல் என்பது விளக்கம் தேவைப்படாதது.

இனி நோட்டுக் கணக்கு. தொப்பி 40 டாலர், வாங்குபவர் தரும் அஞ்சல் செலவு 6, ஆக 46. நூலுக்கு 8, வேலை 3 மணி நேரம். கடை 15 சதவீத வகுப்பில். அமெரிக்காவில் பணம் வாங்கித் தருவதற்கான கட்டணம் 3 சதவீதமும் 25 சென்ட்டும். விற்பனை வரியை விட்டுவிடலாம்.

தள்ளுபடியும் இல்லை, விளம்பரமும் இல்லை என்றால் தரகு 2.99, பணக் கட்டணம் 1.63, பட்டியல் 0.20, நிர்வாகத்துக்கு மொத்தம் 4.82. அஞ்சலும் நூலும் போகக் கைக்கு 27.18. மணிக்கு 9.06 டாலர். 20 சதவீதத் தள்ளுபடி மட்டும் போட்டால் கைக்கு 19.94, மணிக்கு 6.65. தள்ளுபடி இல்லாமல் வெளி விளம்பரத்தில் மட்டும் விற்றால் கைக்கு 20.28, மணிக்கு 6.76. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு 7.25; நிர்வாகம் குடியிருக்கும் நியூயார்க் மாநிலத்தில் இன்னும் அதிகம். ஏதாவது ஒன்று வந்தாலே கூலி அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடுகிறது. நீலத் தொப்பிக்கு நேர்ந்ததுபோல இரண்டும் சேர்ந்து வந்தால் கைக்கு 14.24, மணிக்கு 4.75. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நிர்வாகத்தின் பத்தியையும் பார்த்துவிடலாம். இரண்டும் இல்லாதபோது 4.82, இரண்டும் சேர்ந்தபோது 9.76. அதில் ஒரு பங்கு கூகுளுக்கும் மற்றவர்களுக்கும் போகிறது என்பது சரிதான். ஆனாலும் பின்னியவரின் வரவு ஏறக்குறையப் பாதியான அதே பில்லில் சந்தையின் வசூல் இரட்டித்திருக்கிறது.

இரண்டில் எது மேல் என்பதற்குப் பொதுவான விடை இல்லை. கடையின் வயதைப் பொறுத்தது. யாரும் எட்டிப் பார்க்காத புதுக் கடையில் பாதி விலை என்று எழுதி மாட்டினாலும் அதைப் படிக்க ஆள் இல்லை. அங்கே வேலை செய்யக்கூடியது விளம்பரம்தான், அதிலும் விற்றால் மட்டும் காசு கேட்கும் விளம்பரம். ஏற்கெனவே வந்து பார்த்தவர்களும் வாங்கியவர்களும் சேர்ந்துவிட்ட கடைக்கு, அவர்களில் நாலு பேருக்கு அனுப்பும் ஒரு கூப்பன் போதும். எத்தனை சதவீதம், எத்தனை நாள் என்பது கடைக்காரரின் கையில் இருக்கும். விதியோ நேர்மாறாக எழுதப்பட்டிருக்கிறது. விளம்பரம் தேவைப்படும் சின்னக் கடை விலகிக்கொள்ளலாம். தேவை குறைந்த பெரிய கடை விலகக் கூடாது. பசித்தவரிடம் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுவிட்டு, ஏப்பம் விட்டவரின் இலையில் பரிமாறி இருவருக்கும் பொதுவாக விருந்து முடிந்தது என்று சொல்வது போல.

இவை நிர்வாகத்துக்குப் புதிய செய்திகள் அல்ல. தரகு 6.5 ஆன அதே 2022 ஏப்ரல் 11 அன்று ஆயிரக்கணக்கான கடைக்காரர்கள் தங்கள் கடைகளை ‘விடுமுறை’ என்று மாற்றி வைத்து ஒரு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். வெளி விளம்பரத்திலிருந்து எல்லோரும் விலக வழி வேண்டும் என்பது கோரிக்கைகளில் ஒன்று. விடுமுறை முடிந்தது, விதி வேலைக்கு வந்தபடியே இருக்கிறது.

சந்தையே தன் பையிலிருந்து தள்ளுபடி தருவது நடக்காத காரியமும் அல்ல. இசைக் கலைஞர்கள் நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளம் டிஜிட்டல் இசைக்கு 15 சதவீதமும் மற்றப் பொருள்களுக்கு 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறது. பெருந்தொற்றில் கச்சேரிகள் நின்றபோது, 2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை, அந்தப் பங்கை ஒரு நாள் விட்டுக்கொடுத்தது. பிறகும் குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் அதைத் தொடர்ந்தது. பாட்டின் விலை குறையவில்லை, பாடியவரின் பங்கும் குறையவில்லை. இருந்தும் அந்த நாள்களுக்காகக் காத்திருந்து வாங்க ரசிகர்கள் வந்தார்கள்.

ஆகவே கீழ்க்காணும் கோரிக்கைகள் பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகின்றன. கடைக்காரரின் கூப்பனைப் போட்டு வாங்கிய ஆர்டருக்கு விளம்பரக் கட்டணம் வேண்டாம். 10,000 டாலரைத் தொட்டவருக்கும் விலகும் பொத்தான் ஒன்று வேண்டும். ஆண்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமையாவது தள்ளுபடி புரூக்லினிலிருந்து தொடங்க வேண்டும்.

இம்மனுவைச் சொடுக்கித் திறந்த 30 நாளுக்குள் நிர்வாகம் எந்தக் கட்டணத்தைக் குறைத்தாலும், வேறு காரணம் எது இருப்பினும், அது இம்மனுவால் நடந்ததாகவே கணக்கில் கொள்ளப்படும்.