தேசிக்காயும் ஈயக்குண்டும்

கேள்வி: நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை, அதற்குள் தேசிக்காய் போட்டால் கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கும் என்று எங்கள் அப்பு சொல்லுவார். உண்மையா? (புத்தூர் மாணவி)

பதில்: தேசிக்காய் போட்ட ஆட்கள் நிறையப்பேர், பிள்ளை. கீரிமலையில் காவல் இருந்து அதை எடுத்த ஆளைத்தான் இன்னும் காணவில்லை. கிணற்றுக்கு அடி உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலேயே கயிற்றில் ஈயக்குண்டு கட்டி இறக்கி அளந்தார்கள். ஆழம் சுமார் 50 மீற்றர்.

அதற்காக அப்புவை ஒரேயடியாகத் தள்ளிவிடாதே. குடாநாட்டுக்குக் கீழே கிடப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்துப் பொந்தும் குகையுமாக ஆக்கி வைத்திருக்கிறது. நிலாவரையே அப்படியொரு குகையின் கூரை இடிந்து விழுந்து உண்டானதுதான். மேலே நல்ல தண்ணீர், கீழே போகப் போக உவர். கனமான கடல்நீருக்கு மேல் மழைநீர் மிதக்கிறது. கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நன்னீர் ஊறுவதும் இதே சுண்ணாம்புக்கல்லின் வேலை. நிலத்துக்கு அடியால் தண்ணீர் ஓடித் திரிகிறது என்ற மட்டில் அப்பு சரி, தேசிக்காயில்தான் கொஞ்சம் கூட்டிவிட்டார். இராமர் அம்பு எய்து உண்டாக்கிய கிணறு என்ற கதைக்கு ஈயக்குண்டு பதில் சொல்லாது. நானும் சொல்லப் போவதில்லை.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கேத்திலில் வெள்ளையாகக் கல் படிகிறது. இதே கல்தான் சிறுநீரகத்திலும் படியும் என்று பக்கத்து வீட்டு அக்கா அடித்துச் சொல்கிறா. (உரும்பிராய்)

பதில்: கீரிமலைக்குப் போய்ச்சேராத அந்தத் தேசிக்காயை இங்கே பிழியுங்கள். கேத்தில் கல் நுரைக்கும். அது கல்சியம் காபனேற்று, வெறும் சுண்ணாம்பு. சிறுநீரகத்தில் பெரும்பாலும் உண்டாவது கல்சியம் ஒட்சலேற்று. இரண்டு வீட்டாருக்கும் ஒரே பெயர், ஆனால் கொண்டான் கொடுத்தான் கிடையாது. கல் வருவதற்குத் தண்ணீர் குடிப்பதைவிடக் குடியாமல் விடுவதே பெரிய காரணம். சித்திரை வெயிலில் நாள் முழுக்கத் தோட்டத்தில் நின்றுவிட்டு, கல்லுக்குப் பயந்து அரைக் கிளாசோடு நிறுத்துகிறவர்தான் அதை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறார்.

கேள்வி: பூமி தட்டை என்று மருமகன் யூடியூப்பில் பார்த்துவிட்டுச் சாதிக்கிறான். என்ன சொல்ல? (வல்வெட்டித்துறை)

பதில்: உங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி, உங்கள் ஊர் மாலுமிகளோடு 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போனது. வழியில் உலகத்துக்கு விளிம்பு என்று ஒன்று இருந்திருந்தால், யாழ்ப்பாணத்தான் ஒருவன் அப்போதே அதில் சுருட்டுக்கடை போட்டிருப்பான்.

கேள்வி: புதுவருஷம் பிறக்கும் நேரம் வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒன்று, திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் ஒன்று. இருப்பது ஒரு சூரியன். மருத்துநீரை எப்போது வைப்பது? (கொக்குவில் இல்லத்தரசி)

பதில்: இந்த வழக்கு பழையது, அம்மா. 1829 மார்ச்சில் வட்டுக்கோட்டையில் ஒருதரம் விசாரணைக்கு வந்தது. ஒரு பக்கம் அங்கிருந்த மிஷன் செமினறியின் அதிபர், அமெரிக்க மிஷனறி டானியல் பூவர். மறுபக்கம் அயலூரான அராலியின் பஞ்சாங்கக்காரர் விசுவநாத சாஸ்திரியார். அந்த மாதச் சந்திர கிரகணம் தொடங்கும் நேரத்தில் சாஸ்திரியாரின் கணக்கு சுமார் 15 நிமிடம் பிழை என்றார் பூவர். அன்றிரவு சந்திரன் பூவர் பக்கம் சாட்சி சொன்னது.

மிஷன்காரருக்கு அது போதவில்லை. பஞ்சாங்கம் பிழை, ஆகவே புராணம் பிழை, ஆகவே சைவம் பிழை, ஆகவே ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு வாருங்கள் என்று படிகளை ஒரே பாய்ச்சலில் தாண்டப் பார்த்தார்கள். முதற் படியிலேயே சிக்கல். பஞ்சாங்கக்காரர் யாரும் இராகுவின் வாயை அளந்து கிரகணம் கணிப்பதில்லை. சித்தாந்தக் கணிதத்தில் பூமி உருண்டை, சந்திர கிரகணம் அதன் நிழல். 499இல் ஆரியபடர் எழுதிவைத்த சங்கதி இது. அன்று தோற்றது இராகு அல்ல, திருத்தாமல் விட்ட பழைய கணக்கு. ஊர்ச்சனம் பூவரின் மணிக்கூட்டை ஏற்றுக்கொண்டது, கோயிலை விடவில்லை.

வாக்கியத்தையும் லேசாக எண்ணாதீர்கள். மனனம் செய்யும் சொற்றொடர்கள் அவை, ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் எண் ஒளிந்திருக்கும். சந்திரனுக்கு 248 வாக்கியம். 248 நாளில் சந்திரன் பூமிக்குக் கிட்ட வந்து எட்டப் போகும் சுற்று கிட்டத்தட்ட 9 தடவை முடிந்துவிடும், பிறகு முதல் வாக்கியத்துக்கே திரும்பலாம். இதைக் கண்டுபிடித்தவன் மண்டை லேசுப்பட்ட மண்டையல்ல. 1825இல் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் ஜோன் வாரன் என்ற வெள்ளைக்காரருக்காகத் தரையில் சோகி வைத்து, மனப்பாடத்திலேயே கிரகணம் ஒன்றைக் கணித்தார். தொடக்கத்தில் பிழை 4 நிமிடம்தான். முடிவில் 52 நிமிடம்.

அந்த 52 நிமிடத்தை வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வதுதான் திருக்கணிதம். தமிழ்நாட்டில் வாக்கியக்காரர் பலர் கிரகணத்துக்கு மட்டும் சத்தமில்லாமல் திருக்கணித நேரத்தைப் போட்டுவிடுவார்கள். கிரகணத்தை ஊரே அண்ணாந்து பார்க்கும். சங்கிராந்தியை யார் பார்க்கிறார்கள்? சூரியனுக்குத் திருக்கணிதம் சரி. மருத்துநீருக்கு உங்கள் மாமியாரின் பஞ்சாங்கம் சரி.

கேள்வி: நிபுணர்கள் சொன்னால் பேசாமல் கேட்டுக்கொள்வதுதானே? எங்களுக்கு என்ன தெரியும்? (ஏழாலை)

பதில்: சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் வாளியை இழுக்கும்போது எண்ணெய் மணத்ததை முதலில் கண்டுபிடித்தது எந்த நிபுணர்? தண்ணீர் அள்ளின சனம்தான். ஆய்வுகூடம் பிறகு வந்தது. நிபுணர் குழு ஒன்று பயப்பிடும்படி ஒன்றுமில்லை என்ற தொனியில் அறிக்கை கொடுத்தது. வேறு பரிசோதனைகள் எண்ணெய் உண்டு என்றன. கடைசியில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், அங்கே மின்நிலையம் நடத்திய கம்பனி 2 கோடி ரூபா கட்டவேண்டும் என்று தீர்த்தது. அந்தச் சந்தேகத்தை ஒரு போத்தலில் அள்ளிக்கொண்டுபோய் மேசையில் வைக்க முடிந்தது. "எனக்கென்னவோ அப்பிடித்தான் படுது" என்பதை எந்தப் போத்தலில் அடைப்பது?

கேள்வி: மனிதன் மூளையில் 10 வீதத்தைத்தான் பாவிக்கிறானாம். உண்மையா? (நெல்லியடி)

பதில்: இல்லை. ஸ்கான் எடுத்துப் பார்த்தால் நித்திரையில்கூட மூளை சும்மா கிடப்பதில்லை. உடம்பின் நிறையில் அது 2 வீதம், ஆனால் தின்பது சக்தியில் 20 வீதம். வேலை செய்யாத 90 வீதத்துக்கு இப்படிச் சாப்பாடு போட எந்த உடம்பும் சம்மதியாது. (சில கந்தோர்களில் அரசாங்கம் சம்மதிக்கிறது. அது விஞ்ஞானத்துக்குள் வராது.)