ஆடாத ஆட்டக்காரர்

ஆடு புலி ஆட்டத்துக்கு மூன்று புலி, 15 ஆடு, 23 புள்ளி, இரண்டு ஆள் போதும் என்று விளையாட்டுப் புத்தகங்கள் சொல்கின்றன. அதை எழுதியவர்கள் யாரும் கனகம்மாசத்திரம் பக்கம் வந்து ஆடியதில்லை போலிருக்கிறது. இங்கே மூன்றாவதாக ஒருவர் கட்டாயம். அவர் ஆடமாட்டார். காயைத் தொடமாட்டார். ஆகவே தோற்கவும் மாட்டார். ஆடுகிற இருவருக்கும் நடுவில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் குந்திக்கொண்டு, "ஐய, அங்க வெக்காதடா" என்று ஆரம்பிப்பார். ஆட்டமும் அப்போதுதான் ஆரம்பித்ததாகக் கணக்கு.

எல்லா ஊரிலும் இந்த ஜாதி மனிதர் உண்டு. கேரம் போர்டின் ஓரத்திலும், சீட்டுக் கச்சேரியின் பின்வரிசையிலும், போர்வெல் போடுகிற இடத்திலும் இவரைப் பார்க்கலாம். ஆனால் சென்னையிலிருந்து திருப்பதி போகிற நெடுஞ்சாலையில், திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவே, பெயரிலேயே சத்திரத்தை வைத்துக்கொண்டிருக்கிற இந்த ஊர் அவருக்கென்றே அமைந்தது. புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் இங்கே கால் நீட்டுவார்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணி போகிறவர்கள் தண்ணீர் குடிப்பார்கள். மற்ற நாட்களில் கரும்பு டிராக்டர் போகும், பஸ் வரும், வராது. காத்திருக்கிறவர்கள் இருக்கும்வரை யோசனை சொல்கிறவருக்கு வேலை இருக்கும்.

அவரை ஊரில் பெரியப்பா என்பார்கள். யாருக்குப் பெரியப்பா என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவருடைய ஆஸ்தானம், எப்போதும் ஷட்டர் இறக்கியே கிடக்கிற ஒரு கடையின் சிமெண்டுத் திண்ணை. சிமெண்டு காய்வதற்குள் எவனோ ஆணியால் கட்டம் கிழித்திருக்கிறான்: உச்சியில் ஒரு புள்ளி, அதிலிருந்து கீழே இறங்கும் நாலு கோடு, குறுக்கே மூன்று கோடு, அடியில் ஒரு கோடு. இடது ஓரத்துக் கோடு கொஞ்சம் கோணல். அதைக் கிழித்த நாளன்றே தான் சொன்னதாகவும், பயல் கேட்கவில்லை என்றும் பெரியப்பா இன்றைக்கும் வருத்தப்படுகிறார். ஆட்டுக்குப் புளியங்கொட்டை, புலிக்குச் செங்கல் சில்லு. புளியங்கொட்டை கிடைக்காத மாதங்களில் சோடா மூடி.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடு வைத்திருப்பவர் ஒவ்வோர் ஆடாகக் கட்டத்தில் இறக்க வேண்டும். பதினைந்தும் இறங்கி முடியும்வரை எந்த ஆட்டையும் நகர்த்தக் கூடாது. புலிக்கு அந்தத் தடை இல்லை. அது ஆரம்பத்திலிருந்தே சுற்றும். பக்கத்துப் புள்ளியில் ஆடு இருந்து, அதற்கு நேர் பின்னால் இடம் காலியாக இருந்தால் தாண்டி வெட்டிவிடும். ஆடு வெட்டாது. நெருக்கும். மூன்று புலியும் அசைய முடியாமல் அடைபட்டால் ஆட்டுக்காரர் ஜெயித்தார். புலிக்குப் பசி, ஆட்டுக்குப் பொறுமை. பெரியப்பாவுக்கு இரண்டும் கிடையாது என்பதால் இரண்டு பக்கத்துக்கும் அவரே ஆலோசகர்.

போன மாதம் ஒரு மத்தியானம் நடந்த ஆட்டத்தைச் சொல்கிறேன். ஆடு, வேலையில்லாத ஒரு கொத்தனார் கையில். புலி, சவாரியில்லாத ஒரு ஷேர் ஆட்டோக்காரர் கையில். கொத்தனார் முதல் ஆட்டைக் கீழ்மூலையில் வைத்தார். சரியான இடம். மூலையில் உட்கார்ந்த ஆட்டைத் தாண்ட எந்தப் புலியாலும் முடியாது, தாண்டி விழ அப்பால் புள்ளியே இல்லை. "அப்டி வா நைனா, மொதல்ல ஓரத்தக் கட்டு, அப்பறம் உள்ள போ" என்றார் பெரியப்பா. கொத்தனார் ஏற்கெனவே வைத்துவிட்ட ஆட்டுக்குத்தான் இந்த யோசனை என்பதைக் கவனிக்க வேண்டும். அவருடைய யோசனைகளில் பாதி, காய் இறங்கிய பிறகு வருபவை. அந்தப் பாதி ஒருபோதும் தப்பாகாது.

ஆறேழு ஆடு இறங்கியதும் திரும்பி உட்கார்ந்து, ஆட்டோக்காரரிடம் தெலுங்கில் பேச ஆரம்பித்தார். "ஆகு ஆகு… அக்கட வத்து. இக்கட போ." அங்கே வேண்டாம், இங்கே போ என்று கொத்தனாருக்குத் தெரியாமல் புலிக்கு ரகசியம் சொல்கிறாராம். இந்த ஊரில் வீட்டுக்குள் தெலுங்கும் தெருவில் தமிழுமாகப் பேசுகிறவர்கள் ஏகப்பட்ட பேர். கொத்தனார் தலை நிமிராமல் சொன்னார்: "பெரியப்பா, எனுக்கும் தெலுங்கு வரும்."

"வந்தா இன்னா? உனுக்குச் சொல்லல இல்ல, நீ கேக்காத."

அதற்கு மேல் சட்டம் பேச யாரால் முடியும்? ஆட்டம் தொடர்ந்தது. ஆட்டுக்குத் தமிழில் ஒரு யோசனை, புலிக்குத் தெலுங்கில் ஒரு யோசனை. இடையில் எந்தப் பக்கம் எந்த மொழி என்று அவருக்கே குழம்பி, ஆட்டை எங்கே வைக்கலாம் என்று புலிக்காரருக்குத் தெலுங்கில் விளக்கிக்கொண்டிருந்தார். கொத்தனார் அவர் பேச்சைக் கேட்டு ஒரே ஒரு ஆட்டை நடுவில் இறக்கினார். பின்னால் இடம் காலி. உச்சிப் புலி இறங்கி வந்து வெட்டியது. ஆடு போய்விட்டதாம்: "மேக்க போயிந்தி" என்று பெரியப்பா உதட்டைப் பிதுக்கினார். யார் சொல்லிப் போயிந்தி என்பதை மட்டும் எந்த மொழியிலும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு கொத்தனார் காதைப் பூட்டிக்கொண்டு ஆடினார். கடைசியில் மூன்று புலியையும் கட்டிவிட்டார். பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்து அறிவித்தார்: "கட்டிட்டோம் பாத்தியா!"

தோற்றிருந்தால் "கட்டத் தெரியலியேடா உனுக்கு" என்றிருப்பார். வெற்றிக்குத் தன்மை, தோல்விக்கு முன்னிலை. இலக்கணம் தவறாத மனிதர்.

பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் இதே கட்டம் செதுக்கிக் கிடப்பதைத் தமிழ்நாட்டில் பல இடங்களில் பார்க்கலாம். வெயில் தாழ்வதற்காக ஒதுங்கிய கல்தச்சர்களோ, பூஜைக்குக் காத்திருந்த பக்தர்களோ உட்கார்ந்து ஆடியிருப்பார்கள். பக்கத்தில் குந்தி, "உளிய அவ்ளோ அழுத்தாத" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மன்னர்கள் கல்வெட்டில் ஏறினார்கள், தானம் கொடுத்த ஆட்டுக் கணக்கும் ஏறியது. இவர் மட்டும் ஏறவில்லை.

பெரியப்பாவின் யோசனைக்குக் கட்டத்தின் எல்லை எல்லையல்ல. மாநில எல்லைக்கே அவரிடம் மாற்று யோசனை இருக்கிறது. ஆந்திரத்தில் இருந்த திருத்தணி, எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கரின் சிபாரிசின்படி 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைப் போராட்டம் நடத்திய ம.பொ.சி. போன்றவர்கள் திருப்பதி வரைக்கும் கேட்டார்கள், திருத்தணி வரைக்கும் கிடைத்தது. "ஒரு வார்த்தை நம்மளக் கேட்டிருந்தா ஏழுமலையானையும் வாங்கிக் குடுத்திருப்பேன்" என்பார் பெரியப்பா. 1960இல் அவர் தொட்டிலில் இருந்தார். தொட்டிலிலிருந்து என்ன யோசனை சொன்னாரோ, யார் கேட்காமல் போனார்களோ!

சதுரங்கத்தையும் விடவில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனபோது, ஆந்திர முதல்வர் நம் தெலுங்குப் பையன் என்று வாழ்த்தினார், தமிழக முதல்வர் தமிழ்நாட்டுக்குப் பெருமை என்று வாழ்த்தினார். எங்கள் திண்ணையில் அந்த வழக்குக்கு இடமே இல்லாமல் போயிற்று. பெரியப்பாவின் கவனம் முழுக்க, கடைசி ஆட்டத்தின் 55ஆவது நகர்த்தலில் யானையைத் தப்பான கட்டத்துக்கு இறக்கிவிட்ட சீனத்து டிங் லிரன் மேல்தான். தங்கச்சி மகன் போனில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தபோதே, "யானைய அங்க வெக்காதடான்னு கத்தனேன்" என்றார். சிங்கப்பூர் வரைக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் குகேஷின் பட்டம் போயிருக்கும் என்று ஒரு பொடியன் சொன்னதற்கு, "ஆட்டம்னா நாயம் வேணும்டா" என்று பதில் வந்தது.

அவருடைய அதிகாரம் செல்லாத ஒரே இடம் பல்லாங்குழி. அது அவர் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது, அவர் மனைவி, ஊருக்கு அத்தை, ஆடுகிறார். பதினாலு குழியில் புளியங்கொட்டை பறக்கிற வேகத்தில் யோசனைக்கு நேரம் ஏது? எங்கே நாலு சேர்ந்து பசு விழப்போகிறது என்று பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் அத்தை அதை அள்ளி மடியில் போட்டிருப்பார். ஒருநாள் விடாப்பிடியாக உட்கார்ந்து பார்த்தார். "கேவுரு மெஷினுக்குப் போவணும், தூக்கினு கெளம்பு" என்று ஒரே வரியில் அத்தை அனுப்பிவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரகடம் கம்பெனியில் வேலை பார்க்கிற பையன்கள் நாலு பேர், ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து திண்ணையில் பிரித்தார்கள். கேட்டான் என்கிற ஜெர்மன்காரர்கள் ஆட்டம். கிளவுஸ் டாய்பர் என்பவர் அமைத்தது, 1995இல் வெளிவந்தது. ஒரு தீவு, அறுகோணத் துண்டுகளாக 19 நிலம். பகடை உருட்டினால் நிலத்துக்கு ஏற்ப மரம், செங்கல், ஆடு, கோதுமை, தாது என்று சீட்டு வரும். அவற்றைச் சேர்த்து சாலை போட வேண்டும், வீடு கட்ட வேண்டும். கையில் இல்லாததை அடுத்தவனிடம் பண்டமாற்றாக வாங்கலாம். ஏழு விழுந்தால் திருடன் கிளம்புவான். அவன் உட்கார்ந்த நிலத்தில் விளைச்சல் கிடையாது. முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர் ஜெயித்தார்.

பெரியப்பா விதிகளை ஒருமுறை கேட்டார். "ஒரு மரம், ஒரு செங்கல்லு, ஒரு ஆடு, ஒரு மூட்ட கோதும. இவ்ளோதான் ஊட்டுக்கு?" திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த மதிப்பீடு கொஞ்சமும் ஒப்பவில்லை. கொத்தனாரைத் திரும்பிப் பார்த்தார். கொத்தனாரும் இல்லை என்று தலையசைத்தார். ஆனால் ஆட்டைக் கொடுத்துச் செங்கல் வாங்கலாம் என்று தெரிந்த கணம் பெரியப்பாவின் முகம் மாறிற்று.

ஆடு புலியில் எல்லாக் காயும் எல்லார் கண்ணுக்கும் தெரியும். இங்கே சீட்டை மார்போடு மறைத்து வைத்துக்கொள்கிறார்கள். மறைப்பதெல்லாம் ஆடுகிறவர்களிடமிருந்து. பின்னால் நடக்கிறவரிடமிருந்து மறைக்க வழியில்லையே. ஒரு சுற்று வந்தார், நாலு பேர் கையும் அவருக்கு மனப்பாடம். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஆடுகிற எல்லாரையும்விட ஆட்டம் அதிகம் தெரிந்தவராக ஆனார். அவ்வளவுதான், யோசனைக்காரர் தரகர் ஆகிவிட்டார். "அவங்கிட்ட மூணு ஆடு சும்மா நிக்குது. ஒனுக்குச் செங்கல்லு அதிகம். நான் பேசி முடிக்கறேன்" என்று ஒருவன் கையைப் பிடித்தார். துண்டை உதறி அவன் கைமேலும் தன் கைமேலும் போட்டார். மாட்டுச்சந்தையில் துணிக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அதேதான். ஒரு விரல் அழுத்தினால் ஒரு ஆடு. பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் வியாபாரம் முடிந்துவிட்டது. அவன் கையிலிருந்த கோதுமையும் சேர்ந்து போயிருந்தது.

அரைமணி நேரத்தில் நாலு பேரும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். எல்லாப் பேச்சும் துண்டுக்குள்ளேதான். ஏழு விழுந்தபோது திருடனை எந்த நிலத்தில் வைப்பது என்று உருட்டியவன் அவரைப் பார்த்தான். அவர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு கண்ணால் மட்டும் கிழக்கே காட்டினார். கிழக்கே நிலம் வைத்திருந்தவன் காலையில் அவருக்கு டீ வாங்கித் தர மறந்தவன். கடைசியில் யாரோ ஒருவன் பத்துப் புள்ளி எடுத்தான். எவன் என்று திண்ணையில் யாருக்கும் ஞாபகமில்லை. பெட்டிக்காரன் மட்டும் அடுத்த வாரத்திலிருந்து மொட்டை மாடியில் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஆடுகிறான். "ஆள் சேராது பாரு அந்த ஆட்டம்" என்கிறார் பெரியப்பா.

அவரைப் பற்றிச் சிரிக்கிறேனே தவிர, அவர் இல்லாத ஆட்டத்தை நான் பார்த்ததுண்டு, ரசித்ததில்லை. ஆடு புலி இப்போது செல்போனிலேயே கிடைக்கிறது. பஸ் நிறுத்தத்தில் பையன்கள் காதில் எதையோ செருகிக்கொண்டு தனியாக ஆடுகிறார்கள். எதிராளி மிஷின். அது நன்றாகவே ஆடும். ஆனால் அந்தத் திரைக்கு ஓரம் கிடையாது, பக்கத்தில் குந்த இடம் கிடையாது. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தால் பையன் போனைத் திருப்பிக்கொள்வான். பெரியப்பா இரண்டொரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "சார்ஜ் தீரப்போவுது பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். அந்த யோசனையை மட்டும் பையன் உடனே கேட்டான்.

திருத்தணிக்கோ திருப்பதிக்கோ போகிறவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்க நேர்ந்தால் அந்தத் திண்ணைக்குப் போய்ப் பாருங்கள். ஆடச் சொன்னால் ஆட்டைக் கேட்டு வாங்குங்கள், மூலையிலிருந்து ஆரம்பியுங்கள், பின்னால் காலியிடம் விட்டு நடுவில் இறங்காதீர்கள். பெரியப்பா சொல்வதற்கெல்லாம் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு உங்கள் இஷ்டத்துக்கு வையுங்கள். ஜெயித்தால் "நீங்க சொன்ன மாதிரியே" என்று ஒரு வார்த்தை சொல்ல மறக்க வேண்டாம். டீக்கு மட்டும் காசை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் அவர் ஏற்கெனவே சொல்லியிருப்பார்.