உயிர்க் காலேஜ் பக்கத்தில் ஒரு கோல் போஸ்ட்

எங்கள் கச்சிராயபாளையத்தில் கோமுகி அணை நிரம்பினால் செய்தி, சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கினால் செய்தி. கால்பந்து செய்தியே கிடையாது. இருந்தும் சென்னைக்கு வேலைக்குப் போன இளவட்டங்கள் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் ஒரு மேட்ச் பார்த்துவிட்டு, பொங்கலுக்கு வந்து டீக்கடையில் அதன் வரலாற்றையும் அவிழ்த்துவிடுகிறார்கள். அதில் பாதி புருடா. உண்மை இதுதான்.

அயர்லாந்துப் பஞ்சத்தில் கஞ்சிக்குக் கணக்குப் பார்த்த டிரெவிலியன் துரை, 1859இல் மதராஸ் கவர்னராக வந்தார். இங்கே திடீரென்று தாராளம் பிறந்து, சென்ட்ரல் பக்கத்தில் ஜனங்களுக்கென்று பெரிய பூங்கா போட்டார். பிறகு உயிர்க் காலேஜும், அதாவது மிருகக்காட்சிசாலையும், அங்கேயே குடிவந்தது. அந்தப் பூங்காவில் ஒரு பங்கை வளைத்து எழும்பியதுதான் கார்ப்பரேஷன் ஸ்டேடியம், இன்றைய நேரு ஸ்டேடியம்.

இந்தக் கால்பந்து ஸ்டேடியத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கிரிக்கெட் என்பதுதான் கூத்து. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்காரர்களை இங்கே நிற்கவைத்து, வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தார்கள். அந்த உலக சாதனை 2008 வரை அசையவில்லை.

அதைவிட ஒரு படி மேலே போனவர் பாபு நட்கர்னி. 1964 ஜனவரி, எதிரே இங்கிலாந்து. மனிதர் பந்து போடுகிறார், பாரிங்டன் தடுக்கிறார். பந்து போடுகிறார், போலஸ் தடுக்கிறார். தொடர்ந்து 21 மெய்டன் ஓவர்! 131 பந்துக்கு ஒரு ரன் கிடையாது. முடிவில் 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன். விக்கெட்? அதுவும் இல்லை. காசு கொடுத்து வந்த ஜனம் எப்படித்தான் உட்கார்ந்திருந்ததோ! நானாக இருந்தால் பக்கத்து உயிர்க் காலேஜில் குரங்கு பார்க்கப் போயிருப்பேன், அதுவாவது நாலு தாவு தாவும். கோலே விழாத கால்பந்துக்கு ஒத்திகை அன்றே நடந்துவிட்டது என்பது என் கட்சி.

அப்புறம் டெஸ்ட் சேப்பாக்கத்துக்கே திரும்பியது. 1985இல் விலங்குகளும் வண்டலூருக்கு ஜாகை மாற்றின. 1993இல் ஸ்டேடியத்தைப் புதிதாகக் கட்டி நேரு கோப்பை நடத்தினால், வட கொரியா வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. 2014இல் சென்னையின் எஃப்சி வந்தது. அதன் பயிற்சியாளர் மாட்டராசி, 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடானிடம் நெஞ்சில் முட்டு வாங்கிய அதே மகானுபாவர். மறு வருடமே ஐஎஸ்எல் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். முட்டு வீண்போகவில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். உள்ளே ஆடுகளத்தைச் சுற்றி ஓடுதளம் இருப்பதால், கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு எதிர்முனை கோல், பக்கத்து ஆள் கத்தினால்தான் தெரியும். பக்கவாட்டு ஸ்டாண்டில், மேல் வரிசையாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.