பின்மண்டை முன்னுக்கு வந்த கதை

முடி நிறைய இருந்த காலத்தில் அதைக் குறைப்பதற்குத்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் பாடுபட்டார்கள். மாதம் பிறந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா என் கையைப் பிடித்துப் பாளையங்கோட்டை சலூனுக்கு இழுத்துக்கொண்டு போவார். "நல்லா ஒட்ட வெட்டி விடுங்க அண்ணாச்சி, ஒரு மாசம் தாங்கணும்" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் அமர்ந்து தினத்தந்திக்குள் புகுந்துவிடுவார். நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் என்னை ஏற்றி உட்காரவைத்து, கைமிஷினைப் பின்கழுத்தில் வைப்பார் அண்ணாச்சி. மிஷின் மழுங்கியிருந்தால் பாதியை வெட்டும், பாதியைப் பிடுங்கும். நான் நெளிவேன். "ஏலேய், தலைய ஆட்டாதல, காது போயிரும்!" எதிரெதிர்க் கண்ணாடிகளுக்குள் வரிசையாக அழுதுகொண்டிருந்த அத்தனை நானும் அப்படியே உறைந்துவிடுவோம். கடைசியில் கழுத்தில் படிகாரக் கல் தேய்த்து, குட்டிக்கூரா பவுடர் ஒற்றி, மண்டையில் இரண்டு தட்டுத் தட்டி இறக்கிவிடுவார். அந்தத் தட்டுக்குக் காசு கிடையாது. அதன் சுகம் பிறகு எந்த ஸ்பாவிலும் எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே பதினைந்து நிமிடத்துக்கு இத்தனை ரூபாய் என்று பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை வந்தால் நல்லெண்ணெயும் சீயக்காயும். அம்மா தேய்த்த தேய்ப்பில் கண் சிவந்து, தாமிரபரணியில் முங்கி எழும்போது, இந்த முடி என்கிற தொல்லை எதற்குத்தான் முளைக்கிறதோ என்று மனதார அலுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்ட தெய்வம் எது என்று இன்றுவரை தெரியவில்லை, ஆனால் கேட்டிருக்கிறது. திருச்செந்தூரில் மொட்டை போட்டு, நாழிக்கிணற்றில் குளித்து, மண்டையில் சந்தனம் பூசிக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் பையன்கள் முறை வைத்துத் தட்டுவார்கள். அதற்குள் அடுத்த முடி வந்துவிடும். முருகனுக்கு மொத்தமாக அள்ளிக் கொடுத்தோம். அவரும் எண்ணிப் பார்த்து வாங்கவில்லை, நாங்களும் எண்ணிக் கொடுக்கவில்லை.

கல்லூரிக்குப் போன பிறகு, காது மறைய முடி வளர்ப்பதுதான் விடுதலை என்று நினைத்த கூட்டத்தில் நானும் ஒருவன். எழுபதுகளின் கடைசியில் ஸ்டெப் கட்டிங் வைக்காத தலையைத் தலை என்றே ஒப்புக்கொள்ள மாட்டோம். தாத்தா தன் காலத்தில் பாகவதர் கிராப்பு வைத்து ஊரில் பேச்சு வாங்கியவர், அதனால் என் பக்கம். அப்பா இருவருக்கும் எதிர்க்கட்சி. பின்பாக்கெட்டில் சீப்பு, எந்த ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தாலும் ஒரு நிறுத்தம், முன்முடியை ஊதி ஒதுக்கிக்கொண்டு ஒரு பாதிச் சிரிப்பு. எங்கள் இயற்பியல் வாத்தியாருக்கு முன்னால் சொட்டை. அதில் சூரிய ஒளியின் பிரதிபலிப்பு விதியைச் சரிபார்க்கலாம் என்று கடைசி பெஞ்சிலிருந்து சொன்னது யார் என்று அவர் கேட்டபோது, நான் தலை குனிந்து முடிக்குள் ஒளிந்துகொண்டேன். ஒளிந்துகொள்ள அவ்வளவு இடம் இருந்தது.

வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்ததும் அது கிளம்பத் தொடங்கியது. ஒரு தலையில் சுமார் 1,00,000 முடி இருக்கும், அதில் பாதிக்குப் பாதி போன பிறகுதான் கண்ணுக்கே தெரியும் என்கிறார்கள். என் விஷயத்தில் முதலில் தெரிந்தது ஆச்சியின் கண்ணுக்கு. "ஏறுநெத்தியில்லா, பணம் சேரும்டே" என்று கன்னத்தைத் தடவினாள். நெற்றி மட்டும் வருடா வருடம் பதவி உயர்வு பெற்றது. கரிசலாங்கண்ணித் தைலம், செம்பருத்தி இலை, சின்ன வெங்காயச் சாறு என்று மண்டையில் ஒரு சமையற்கட்டே நடத்தினேன். அப்புறம் மினாக்சிடில் வந்தது. ரத்தக் கொதிப்புக்குக் கண்டுபிடித்த மாத்திரையைத் தின்றவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைக்கவே, அதைத் தைலமாக்கி 1988இல் அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதித்தார்கள். எனக்கோ எதிர்த் திசை: முடிக்குச் செலவு செய்து ரத்தக் கொதிப்புக்கு வந்து சேர்ந்தேன். 2007இல் 'சிவாஜி' படத்தில் ரஜினி மொட்டைத் தலையைத் தட்டியபோது தியேட்டரே எழுந்து ஆடியது. திரைக்கு வெளியே அவர் வழுக்கையோடுதான் வெகுகாலமாக மேடையேறுகிறார். நானும் விசிலடித்தேன். அடித்துவிட்டு, இடது காதுக்கு மேலிருந்து வலது காது வரை இழுத்துச் சீவியிருந்த முடி கலைந்ததா என்று தொட்டும் பார்த்துக்கொண்டேன்.

மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் ஹேர் டிரான்ஸ்பிளான்ட் என்று முடிவாயிற்று. கோட்டு போட்ட ஒரு பெண் கையில் டேப்லெட்டோடு என்னைச் சுற்றி வந்து, "சார், உங்க டோனர் ஏரியா சூப்பரா இருக்கு" என்றாள். என் பின்மண்டையை யாரும் பாராட்டியது அதுவே முதல் தடவை. முன்மண்டைக்கு நார்வுட் அளவுகோலில் ஐந்தாவது நிலை, மொத்தம் ஏழாம். சுவரெல்லாம் முன்பு, பின்பு படங்கள். முன்பு படத்தில் தலையை நனைத்து உச்சியில் விளக்கடித்திருந்தார்கள். பின்பு படத்தில் முடி காய்ந்து, படிந்து, வெளிச்சம் அடக்கமாக இருந்தது. விலை கிராஃப்ட் கணக்கு. ஒரு கிராஃப்டில் ஒன்றிலிருந்து நான்கு முடி வரை இருக்கும்; எனக்கு 2,500 கிராஃப்ட் என்று எழுதினார்கள். மாதத் தவணையிலும் கட்டலாம். தலையில் இருந்தபோது ஓசியாக இருந்த முடிக்கு இ.எம்.ஐ.!

தத்துவம் என்னவோ சரியானதுதான். நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1950களில் செய்து காட்டியது: பின்மண்டை முடியைப் பிடுங்கி முன்னால் நட்டாலும், அது பின்மண்டை முடியாகவே வாழும், கொட்டாது. சென்னைக்கு வந்து நாற்பது வருடம் ஆகியும் 'ஏலே' என்றே கூப்பிடும் திருநெல்வேலிக்காரனின் குணம். ஆனால் பக்கத்திலிருக்கும் பழைய முடிக்கு அந்தப் பிடிவாதம் கிடையாது. அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். இதைச் சொல்ல அந்தக் கோட்டுப் பெண்ணுக்கு நேரம் வாய்க்கவில்லை.

டாக்டர் வந்து நெற்றியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டார், கைகுலுக்கினார், போனார். பிறகு நான் குப்புறப் படுத்திருக்க, சின்னப் பையன்களும் பெண்களுமாக மதியம் எந்தக் கடையில் பிரியாணி என்று பேசியபடி வேர்வேராகத் தோண்டி, எண்ணி, தட்டில் அடுக்கினார்கள். வொர்க்‌ஷாப்பிலும் யூடியூபிலும் பார்த்ததை வைத்துக்கொண்டு இந்தச் சிகிச்சையில் இறங்கக் கூடாது என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் எழுதியே வைக்கவேண்டி வந்தது. அண்ணாச்சி மிஷினைப் பிடிப்பதற்கு முன்னால் எத்தனை வருடம் தன் அப்பாவின் கடையில் தரை கூட்டினார் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த சில நாள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணுக்கு இறங்கி, சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினேன். சில வாரத்தில் நட்டதெல்லாம் கொட்டியது. போன் செய்தால், "நார்மல் சார், வேர் உள்ளே இருக்கும், மூணு நாலு மாசத்துல வரும்." வந்தது, பொய் சொல்லக்கூடாது. முன்னால் மட்டும், அளவெடுத்த மாதிரி ஒரு கோட்டில், எண்ணிவிடலாம் என்கிற நெருக்கத்தில் வந்தது. ஒரு வருடம் பொறுங்கள் என்றார்கள். அந்த வருடத்துக்குள் அதற்குப் பின்னால் இருந்த பழைய முடி விலகிக்கொள்ள, நெற்றியோரம் ஒரு வேலியும் உள்ளே பொட்டலுமாக நின்றேன். மண்டபத்தில் போட்டோகிராஃபர், "சார், லேசா இந்தப் பக்கம் திரும்புங்க, தலையில லைட் அடிக்குது" என்றார். இயற்பியல் வாத்தியார் எங்கிருந்தோ கேட்டிருப்பார். "இதுக்குத்தான் அவ்வளவு பணமாங்க?" என்றாள் மனைவி, தட்டில் சந்தனம் கரைத்துக்கொண்டே.

வேடிக்கை எங்கே என்றால், மகன் இப்போது காதோரம் தோல் தெரியச் சிரைத்துக்கொண்டு வருகிறான். ஃபேட் கட்டாம், நானூறு ரூபாய். என் அப்பா கேட்டு வாங்கிய அதே ஒட்ட வெட்டு. பெயரும் விலையும்தான் உயர்ந்திருக்கின்றன. எனக்கு அது இனிமேல் வாய்க்காது. குட்டையாக வெட்டினால் பின்மண்டையில் தோண்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும் என்று சலூன் பையன் கையை இழுத்துக்கொள்கிறான். திருச்செந்தூர் மொட்டைக்கும் யோசிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

போவதென்று தீர்மானித்துவிட்டவர்களைத் தடுக்க நான் ஆளில்லை. ஆனால் போனதும் ஒன்று கேளுங்கள்: ஊசியைப் பிடிக்கப் போகிறவர் யார், இருக்கிற முடியும் போய்விட்டால் எடுத்து நடப் பின்னால் எவ்வளவு மிஞ்சும்? பதிலுக்குப் பண்டிகைத் தள்ளுபடி பற்றிப் பேச ஆரம்பித்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.